எனக்கு மட்டும் கேட்காத ‘கீ’

ராஜபாளையத்தில் ஒலிப்பதிவு, மைக்செட் வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச் பாடகர் குழு ஒன்று முதன்முறையாக என்னை அழைத்து, தங்கள் சர்ச்சிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்தது. நன்றாக வந்தால் முழு ஆல்பமும் எனக்குத்தான்.

பாட்டை அனுப்பியதும் குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். “தம்பி, பாட்டு பூரா கொசு கத்துத மாதிரி ‘கீ’ன்னு கேக்குதே!”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “உங்க போன்ல கோளாறு இருக்கும்க்கா” என்றேன், கொஞ்சம் கெத்தாக. பிறகு மனைவியிடம் ஹெட்போனைக் கொடுத்தேன்.

“நல்லாக் கேக்குதே. ஒங்களுக்குக் கேக்கலயா?”

கம்ப்யூட்டரில் சத்தத்தைப் படமாக்கிப் பார்த்தால், கூர்மையான சத்தங்கள் தெரியும் மேல்பகுதியில் பாட்டு முழுக்க ஒரு மெல்லிய கோடு ஓடியது. மறுநாள் அந்த சர்ச்சுக்குப் போய், மைக்கை வைத்து, கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டைப் பார்த்தபடியே ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தேன். மைக் பக்கத்தில் மாட்டியிருந்த போன் சார்ஜரைப் பிடுங்கியதும் கோடு மறைந்தது!

பாட்டை மறுபடி பதிவு செய்து கொடுத்தேன்; ஆல்பம் கிடைத்துவிட்டது. ஆனால் காது டாக்டர், திருவிழாக்களில் வருஷக்கணக்காக ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றதால் கூர்மையான சத்தங்கள் எனக்கு இனி கேட்காது என்றார்.

இப்போது மனைவி கேட்காமல் எந்தப் பாட்டையும் அனுப்புவதில்லை. திருவிழாக்களில் காதை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

“ஏலே, ஒன் சத்தம் ஒனக்கே தாங்கலையா?” என்று தெரிந்தவர்கள் கேலி செய்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தேன், அவர்கள் கேட்பதும் சரிதான். இப்போதெல்லாம் ஸ்பீக்கர் சத்தத்தையும் கொஞ்சம் குறைத்தே வைக்கிறேன்.