செவந்தி மடியில் முடிந்த கல்

திருக்கோகர்ணத்துக்கு வடக்கே பாறைக்குன்றில் கல்லுடைத்துப் பிழைத்தவள் செவந்தி. புருஷன் செத்து எட்டு வருஷமாகியிருந்தது, பிள்ளை இல்லை.

1957 மாசியில் யுரேனியம் தேடும் சர்க்கார் ஆட்கள் ஜீப்பில் வந்து குன்றடியில் கூடாரம் போட்டார்கள். அதிகாரி ரெங்கராஜ், பாறைச் சந்துகளுக்கெல்லாம் வழி தெரிந்தவள் என்று செவந்தியைக் கருவி தூக்க வைத்துக்கொண்டார். தோளில் தொங்கும் பெட்டி, கையில் ஒரு குழல். பாறையில் கதிர்வீச்சு இருந்தால் ஹெட்போனில் 'டக், டக்' என்று தட்டும்.

மூன்றாம் நாள் அவரே அதை அவள் காதில் மாட்டிவிட்டார். அடுத்த வாரத்துக்குள் அவளே நின்று சொல்லத் தொடங்கினாள்.

"சார், இங்கிட்டு வேகமாத் தட்டுது."

"ஒங்க காது என் காதை விட நல்லாருக்கும்மா" என்றார் ரெங்கராஜ். அன்று பொழுது சாயும் வரை அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

பெயர்த்த கற்களுக்கு எண் எழுதி, பெட்டியில் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

கிளம்பும் நாள் காலை. ரெங்கராஜ் கருவியைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ள வந்த செவந்தி பக்கத்தில் நின்றதும் தட்டல் கூடியது. குழலை நகர்த்தினார், அவள் இடுப்பருகே இன்னும் கூடியது. தலையைக் குனிந்தபடி மடியிலிருந்து நெல்லிக்காய் அளவு கல்லொன்றை எடுத்து நீட்டினாள்.

"எதுக்கும்மா இது?"

"நீங்க போயிருவீங்க. இது எங்கிட்ட இருந்தா, என்னைக்காச்சும் பெட்டியோட இந்தப் பக்கம் வாரப்ப, நான் இருக்கிற எடம் ஒங்களுக்குக் கேக்கும்ல."

அவர் கல்லை மற்றவற்றோடு வைத்துப் பூட்டினார். யாரிடமிருந்து வந்தது என்று எழுதவில்லை. "திரும்ப வந்தா சொல்லி அனுப்புறேன்" என்றார்.

1962-இல் கந்தர்வக்கோட்டைப் பக்கம் காதில் குழாய் மாட்டிய ஆட்கள் திரிவதாக லாரிக்காரர் ஒருவர் சொன்னார். சேதியே தாமதமாகத்தான் வந்திருந்தது. செவந்தி மறுநாள் விடியலில் பஸ் ஏறினாள். முந்திரிக்காட்டில் கூடாரமடித்த முளைக்குழிகள்தான் இருந்தன.

"நேத்துத்தான் போனாக" என்றார் காவல்காரர் உடையப்பன்.

"அதுல ரெங்கராஜ்னு ஒருத்தர் இருந்தாரா?"

"பேரு கேக்கலையே, ஆத்தா."

ஜீப் போன தடம் தார்ரோடு வரைக்கும் தெரிந்தது. அவள் அதன் ஓரமாகவே நடந்து பஸ்ஸுக்கு வந்தாள்.