எனக்கு வந்த கடிதமும் என் அண்ணனும்

செவ்வாய்க்கிழமை காலை, ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். "ரீட்டா, அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரும்மா." நெஞ்சுவலி என்று முதல்நாள்தான் சேர்த்திருந்தார்கள். கரும்பலகையில் பாதியில் நின்ற வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அதற்கு முந்திய இரண்டு மாதங்கள் நான் அவருடன் பேசவில்லை.

என் அண்ணன் அமலதாஸ், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து நான் அழுவேன் என்று என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தவர் அவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

அவர் பட்டம் வாங்கி வந்த அன்று அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "இனி நம்ம வீட்டுல யாரும் பெரட்டுக்கு நிக்க வேணாம்." அப்பாவுக்குப் பல்கலைக்கழகம் என்றால் அதுதான்: விடியற்காலையில் வரிசையில் நின்று வேலைக்குப் பெயர் கொடுக்காமல் இருப்பது. ஆனால் அரசாங்க வேலை வரவில்லை. ஐந்து ஆண்டுகள் அண்ணன் பதுளைக் கடைவீதியில் ஓர் இரும்புக்கடையில் பில் எழுதினார். வேலையற்ற பட்டதாரிகளின் ஊர்வலங்களுக்குப் போய் நனைந்து வந்தார். தோட்டத்துக்கு வந்தால் இளவட்டங்கள், "என்னங்க சேர், ஆணி என்ன வெல?" என்று கேட்பார்கள். சிரிப்பார். அன்றிரவு சாப்பிடமாட்டார்.

அந்தக் காலத்தில்தான் நான் பதுளையில் தங்கி, உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும் வழியில் என் ஆசையைச் சொன்னேன். "நாலு தலைமுறையா கொழுந்து பறிக்கிறோம். அந்தச் செடிக்குள்ள என்ன நடக்குதுன்னு நம்மள்ல ஒருத்தருக்காவது தெரிய வேணாமாண்ணே?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போற? பட்டம்ங்கிறது நம்மள ஏமாத்தக் குடுக்கிற கடுதாசி, ரீட்டா."

களைத்துப்போனவரின் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

பரீட்சையில் நல்ல புள்ளி வந்தது. தோட்டத்துக்குக் கடிதம் ஒழுங்காக வந்து சேராது என்பதால், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அண்ணன் வேலை செய்த கடையின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைப் பேப்பரில் பார்த்தேன். அதற்குச் சற்று மேலேதான் இருந்தேன். கடிதம் மட்டும் வரவில்லை. விசாரிக்கச் சொல்லி அண்ணனைக் கெஞ்சினேன். "கேட்டேன்மா. உன் பேர் இல்லையாம்" என்றார். அடுத்த வாரமே ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். "தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு டீச்சர் எடுக்கிறாங்க. போடு."

போட்டேன். வேலை கிடைத்தது. தங்கையைக் கரையேற்றிய அண்ணன் என்று தோட்டமே அவரைப் புகழ்ந்தது. பின்னாளில் அவருக்கும் ஓர் அரச அலுவலகத்தில் இடம் கிடைத்தது. சிங்களத்தில் அச்சடித்த பாரத்தோடு தடுமாறி நிற்கும் தோட்டத்து ஆட்களை அவர் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வருடம் என் மகள் ஷாமினி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். பதிவு வேலைகளுக்கு எங்களைப் பதுளைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை சரிபார்த்தவர் அண்ணன்தான். "என்னத்துக்கும்மா படிக்கப் போற?" என்று அவளைக் கேட்டார். "இங்கருந்து போறதுக்கு மாமா. திரும்பி வரமாட்டேன்." "தெளிவாத்தான் இருக்க" என்று சிரித்தார்.

பஸ் நிலையத்தில் ஷாமினி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "உனக்கும் வந்துச்சு ரீட்டா."

"என்ன வந்துச்சு?"

"கெம்பஸ் கடிதம். நான்தான் கிழிச்சேன். நான் பட்ட பாட்ட நீயும் படக்கூடாதுன்னு நெனச்சேன்."

"அத நீங்க எப்படிண்ணே முடிவு பண்ணலாம்? இப்ப இவளுக்கு மட்டும் எதுக்கு ஓடுறீங்க?"

"உனக்குச் செஞ்சதுக்கு வேற என்ன செய்றதுன்னு தெரியல."

மடுல்சீமை பஸ் வந்தது. அவரை அதில் ஏறவிட்டு, நாங்கள் அடுத்த பஸ்ஸில் வந்தோம். பிறகு அவர் எத்தனையோ முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

இருபத்தைந்து வருடமாக, படிப்பில் தோற்றவள் என்றே என்னை நினைத்து வாழ்ந்தேன். விரும்பிய பாடத்தைப் படித்தும் எனக்கு வேலை கிடைக்காமல் போயிருக்கலாம். நானும் ஏதோ ஒரு கடையில் பில் எழுதியிருக்கலாம். அது என் வாழ்க்கையாக இருந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரியவர், "தங்கச்சிய டீச்சராக்கி விட்ட மனுஷன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பாதர் என்னையும் பேச அழைத்தார். "அண்ணன் எங்களுக்காக நிறைய யோசிச்சாரு" என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. எனக்காகவும் யோசித்தார், என்னைக் கேட்காமல்.

பிடி மண்ணைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். துக்கம் என்று நினைத்து அண்ணி என்னை அணைத்துக்கொண்டார். துக்கமும்தான்.

போய் வாருங்கள் அண்ணா. உங்களை வழியனுப்பத்தான் வந்தேன். மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை.