பாதிக்காரரின் பதினாலு மாத்திரைகள்

பேருந்துப் பணிமனையின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அங்கே தவிர வேறு எங்கும் அது பயன்பட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘பாதி’. பிரேக் பிரிவில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். வண்டிக்கு அடியில் உள்ள குழியில் இரண்டு பேர் இறங்கி வேலை பார்த்தாலும் ஒரு டீதான் உள்ளே வரும், ஆளுக்குப் பாதி என்பது அந்தக் குழியின் சட்டம். கிரீஸ் கையோடு இரண்டு டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்க முடியாது, காரணம் அவ்வளவுதான். மற்றவர்கள் மேலே ஏறியதும் சட்டத்தைக் குழியிலேயே விட்டுவிடுவார்கள். இவர் மட்டும் அதை வீடு வரை கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் பன் பாதி, வாழைப்பழம் பாதி, செய்தித்தாள் கூட நடுப்பக்கத்தோடு பாதி. தையல் வேலை பார்க்கும் மனைவிக்குத் தலைவலி என்றால் மாத்திரையை உடைத்துப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொள்வார்.

“எனக்குத்தானேங்க தலைவலி?” என்பார் அந்த அம்மா.

“உனக்கு வந்தா எனக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?”

மனுஷர் தங்கம்தான். ஆனால் இந்தத் தங்கத்துக்கு எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியாது.

அப்படிப்பட்டவருக்கு மலேரியா வந்தது. மூன்று போர்வைக்குள்ளும் பல் தந்தியடித்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு வகை மாத்திரை என்றார். மூன்று நாள் மாத்திரை காய்ச்சலை விரட்டும். பதினாலு நாள் மாத்திரை, ஈரலுக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை அழிக்கும். இந்த இரண்டாவதைத் தருவதற்கு முன் தனியாக இன்னொரு ரத்தப் பரிசோதனையும் செய்தார். சிலருடைய ரத்தம் அந்த மருந்தைத் தாங்காது, சிவப்பணுக்கள் உடைந்துபோகும் என்றார். இவருக்குத் தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் அட்டை கைக்கு வந்தது.

“தினமும் ஒண்ணு, சாப்பிட்டதும் போடணும். வெறும் வயித்துல வேண்டாம். சிறுநீர் கறுத்துப் போச்சுன்னா நிறுத்திட்டு ஓடி வரணும். நாலாம் நாள் அட்டையோட வாங்க, நான் எண்ணிப் பாப்பேன். காய்ச்சல் விட்டுடுச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க அண்ணே.”

‘பாதி’ என்ற சொல் காதில் விழுந்ததுமே நம்மவர் முகம் மலர்ந்துவிட்டது. மற்றது எதுவும் உள்ளே போனதாகத் தெரியவில்லை. சாப்பாட்டு விஷயம் மட்டும் எப்படியோ பதிந்தது. சாப்பாடு என்றால் அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நாலாம் நாள் காலை உடம்பு பஞ்சுபோல் லேசாகியிருந்தது. அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குக் கிளம்பியவர், வழியில் மகள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரே மகள், கல்யாணமாகி எட்டு மாதம். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை சுற்றுகிறது, காலையிலிருந்து எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கதகதவென்று இருந்ததாக அவருக்குத் தோன்றியது. தன்னைக் கடித்த கொசு மகளையும் விடவில்லை என்று முடிவே கட்டிவிட்டார்.

மகளின் தையல் கூடையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அட்டையில் பத்து மாத்திரை பாக்கி. ஐந்தைக் கத்தரித்து அவள் கையில் வைத்தார்.

“எனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு கண்ணு. இது உன் பங்கு. ஆனா ஒண்ணு, சாப்பிட்டுத்தான் போடணும். வெறும் வயித்துல போட்டுடாதே.”

உலகத்தையே காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு நர்ஸ் முன்னால் போய் நின்றார். வெட்டிய அட்டையைப் பார்த்த நர்ஸ், “மீதி எங்கண்ணே?” என்றார். சொன்னார். சொல்லச் சொல்ல நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை.

“அவங்க ரத்தத்தைப் பாத்தீங்களா? அது மலேரியான்னு யார் சொன்னா? கல்யாணம் ஆன பொண்ணு, தலைசுத்தல், வாந்தின்னு சொல்றீங்க. கர்ப்பமா இருந்தா இந்த மாத்திரையைத் தொடவே கூடாது! வயித்துல இருக்கிற குழந்தையோட ரத்தம் தாங்குமான்னு யாருக்குத் தெரியும்?”

அவர் பதறிப்போய்ப் போனை எடுத்தார். மகளுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. “ஏறுங்க சிஸ்டர்” என்று சைக்கிளைத் திருப்பினார். நர்ஸ் பரிசோதனைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். ஊரிலுள்ள பேருந்துக்கெல்லாம் பிரேக் சரிசெய்கிறவரின் சைக்கிளில் பிரேக் பிடிக்காது என்பது நர்ஸுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தான் பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே இப்படிச் செய்துவிட்டோமே என்று முன்னால் இருந்தவர் அழுதுகொண்டே மிதித்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மகள் அதே இடத்தில்தான் இருந்தாள். எதிரே ஒரு தட்டில் கடித்தும் கடிக்காததுமாக ஒரு பன்.

“மாத்திரை? மாத்திரையைப் போட்டியா?”

“எங்கப்பா போடறது? நீங்கதானே சாப்பிட்டுத்தான் போடணும்னீங்க? ரெண்டு வாய் எடுத்தேன், வெளிய வந்துடுச்சு.” ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். ஐந்தும் அட்டைக்குள் அப்படியே இருந்தன.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் முதலில் சூடு பார்த்தார். காய்ச்சலே இல்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்தார். மலேரியாவும் இல்லை. பிறகு இன்னொரு சின்ன அட்டையைக் கொடுத்து அவளைக் குளியலறைக்கு அனுப்பினார். திரும்பி வந்தவளின் கையிலிருந்த அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

“தாத்தா ஆகப் போறீங்கண்ணே!”

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் மட்டும் கண்டிப்பை விடவில்லை. மருத்துவமனையில் பதிந்துகொள்ளச் சொன்னார். கொசுவலைக்குள்ளேயே படுக்க வேண்டும், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே வர வேண்டும் என்றார். ஜன்னலிலிருந்த ஐந்தை எடுத்து, இவருடைய சட்டைப் பையில் திணித்தார்.

“இது முழுக்க உங்களோடது. உங்க ரத்தத்தைப் பாத்து உங்களுக்குக் குடுத்தது. ஒண்ணு குறைஞ்சாலும் மறுபடியும் போர்வைக்குள்ளதான் கிடப்பீங்க.”

செய்தி பணிமனைக்கு எப்படிப் போனதோ, மறுநாள் குழிக்குள் முதல்முறையாக இரண்டு டீ இறங்கியது. கொண்டுவந்த ஆள் பாதியைக் கையில் கொட்டிக்கொண்டான் என்பது வேறு விஷயம்.

பதினாலாம் நாள் சாப்பிட்டு முடித்ததும் கடைசி மாத்திரையை அட்டையிலிருந்து அழுத்தி எடுத்தார். பேரக்குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த மனைவி, மெஷினை நிறுத்திவிட்டுக் குறும்பாகக் கையை நீட்டினார்.

“எனக்குப் பாதி இல்லியா?”

அவர் கை பழக்கத்தில் ஒரு நொடி மாத்திரையை உடைக்கப் போனது. பிறகு அதை முழுசாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

“இது எனக்கு மட்டும்தான்” என்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் அந்த அம்மா கேட்டது அதுதான் முதல்முறை. தைத்த துணியை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.