ஊற்றுக்கு ஒரு சொம்பு

மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் மகன் காரோட்ட, நான் பாலங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்பது பாலங்கள். ஒவ்வொன்றிலும் ஆற்றின் பெயர்ப்பலகை இருந்தது, ஒன்றிலும் தண்ணீர் இல்லை. கையிலிருந்த ஆறு பாட்டில் போதுமா என்ற கவலை எனக்கு.

இரண்டு இரவு தங்கிய மோட்டலை ஒரு தமிழ்ப் பெண் நடத்தினார். ஐம்பது வயதிருக்கும். சுடிதார், தலையில் கௌபாய் தொப்பி.

காலையில் அவர் சொம்பு நிறையத் தண்ணீருடன் பின்பக்கம் போக, நானும் போனேன். பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளம். முன்பு அது ஊற்றாம். அதில் குளிக்கத்தான் ஆட்கள் வந்து தங்குவார்களாம். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் வற்றிவிட்டதாம். அதில் சொம்பைக் கவிழ்த்தார்.

"எதுக்கும்மா வேஸ்ட் பண்றீங்க?"

"நம்ம ஊர் அடிபம்புல தண்ணி வரலைன்னா, மேல ஒரு சொம்பு ஊத்திட்டுத்தானே அங்கிள் அடிப்போம்?"

"அதுல வாஷர் காஞ்சிருக்கும், ஊத்துறோம். இங்க ஏதும்மா வாஷர்?"

"தெரியும் அங்கிள், நானும் இன்ஜினியர்தான். இந்த சம்மருக்குள்ள ஊத்து வரலைன்னா மோட்டலை வித்துடலாம்னு ஹஸ்பண்ட் சொல்லிட்டார். எனக்குப் போக மனசில்ல. சும்மா உக்காந்து பாக்குறதுக்கு இது தேவலை," என்று சிரித்தார்.

மறுநாள் அவர் வருமுன்பே போய்ப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டேன், குளிர்ந்தது. அந்த வெயிலுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் மறுநாள்வரை தாங்குமா? மகன் ஹாரன் அடித்தான், வந்துவிட்டேன். அந்த ஈரம் அவர் ஊற்றியதா, தானே ஊறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.