ஈரக்கல் மூட்டை

பதுளைக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு மண்ணில் போட டொலமைட் கல்லைத் தூளாக அரைக்கும் ஆலையில் நான் போர்மன். பதினெட்டு வருட சர்வீஸ். ஆனால் புது மெஷின் வாங்க முதலாளி யோசனை கேட்டது, போன வருடம் சேர்ந்த கலாவிடம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளை. தூளைச் சலித்துப் பரிசோதிப்பது அவள் வேலை.

நான் ஹேமர் மில் என்றேன், வேகமாக அரைக்கும். அவளோ, "தூளு மாவா இருந்தாத்தான் மண்ணுல சேரும். ரோலர் மில்லே எடுப்போம் முதலாளி" என்றாள். அவர் தலையாட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

கொழும்பில் மெஷின் விற்கும் கம்பெனியில் இரண்டையும் ஓட்டிப் பார்க்க, கல் மூட்டைகளைக் கட்டியது நான்தான். ஹேமர் மில்லுக்குக் காய்ந்த கல். ரோலர் மில்லுக்கு, மழையில் ஊறிய குவியலின் அடியில் கிடந்த ஈரக்கல்.

நினைத்தபடியே தூள் களியாக அப்பி, ரோலர் நின்றது. முதலாளி முகம் சுருங்கியது. கலா அந்தக் களியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

"நல்ல வேலை செஞ்சீங்கண்ணே! நம்ம ஊரு மழைக்கு எந்தக் கல்லு காயுது? ஈரக்கல்லப் போட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. முதலாளி, சுடுகாத்து ஊதிக் காயவச்சு அரைக்கிற ரோலர் மில்லா பாப்போம்."

முதலாளி என் முதுகில் தட்டினார்.

அந்த மில்தான் இன்று ஓடுகிறது. வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க போர்மன் அண்ணனோட யோசனை" என்கிறாள் கலா. நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், களியைத் தொட்டதுமே சதி என்று கத்தியிருப்பேன். அப்படித் தோன்றாத அந்த மனதைப் பார்த்துத்தான் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.