அருளப்பு அண்ணை கேட்ட திருத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஜேர்மனியின் எஸன் பிரதான நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது கார்த்திக் அழைத்தார். இப்போது மியூனிக்கில் பொறியியலாளர். எஸனில் ஆராய்ச்சி மாணவராக இருந்த நாட்களில் அருளப்பு அண்ணையின் ரக்பி லீக் அணியில் ஆடியவர். "சார், கோச் போயிட்டார். ஹாஸ்பிட்டல்லதான். அக்கா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க," என்றார். அக்கா என்றது அண்ணையின் மனைவியை. தொலைபேசியை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. என் ரயில் வந்து, கதவு திறந்து, மூடி, புறப்பட்டுப் போகும்வரை அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இதை வாசிப்பவர்களில் பலர் அண்ணையைப் பேருந்துச் சாரதியாகத்தான் அறிவீர்கள். எண்பதுகளில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு ஜேர்மனிக்கு வந்தவர். தகப்பனுக்குக் கண்டியில் ரயில்வே வேலை. அண்ணை படித்ததும் ரக்பி பழகியதும் அங்கேதான். ஆனால் அது பதினைந்து பேர் ஆடும் ரக்பி. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கை, தினமும் தன் பேருந்தில் ஏறிய வட இங்கிலாந்துக்காரர் ஒருவரிடமிருந்து அறிந்துகொண்டார். பந்துடன் ஓடுபவரை விழுத்தினால், அவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி மறுபடி தொடங்கலாம். ஆறாவது தடவையும் விழுத்தினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதை எனக்கு விளக்கிய அன்று, "ஆறுதரம் விழுறதுக்கு அனுமதி இருக்கிற விளையாட்டு, தம்பி. எங்கடை சனத்துக்கு வேறை என்ன வேணும்?" என்று கேட்டார்.

ஆள் சேர்ப்பதற்கு அவர் போகாத இடமில்லை. தேர்த் திருவிழாவிலும் தேவாலய வாசலிலும் கையில் பந்துடன் நிற்பார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு தாய் அவரை மறித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூக்கை உடைத்துக்கொண்டு வந்தால் தன் பிள்ளையை அவுஸ்பில்டுங்குக்கு, அதாவது தொழிற்பயிற்சிக்கு, யார் எடுப்பார்கள் என்று அவர் கேட்டார். கண்டியில் உடைந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன தன் மூக்கை அண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். "அக்கா, மூக்குச் சரிஞ்சவனுக்கு வேலை குடுக்க மாட்டினம் எண்டால், நீங்கள் வந்த பஸ்ஸை ஓட்டினது ஆர்?" அந்தத் தாய் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் மகனை அனுப்பினார்.

ஜேர்மனியில் ஆடுவதற்கு அணிகள் போதாது. இரண்டு பருவங்கள் எங்களைவிட நல்ல அணி இருக்கவில்லை. அதற்கு மேல் ஏறுவதற்குப் படியும் இருக்கவில்லை. அண்ணை இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவு லீக்குக்கு விண்ணப்பித்தார். ஒரு பருவம் பரீட்சார்த்தமாக ஆடலாம் என்று பதில் வந்தது. கடல் கடந்து சேரும் அணி என்பதால் நிபந்தனைகள் கடுமையானவை. இங்கே வரும் அணிகளின் பயணமும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. ஒரு போட்டிக்கேனும் அணியை இறக்கத் தவறினால் இடம் பறிபோகும்.

முதல் தடை பனி. அங்கே பருவம் பெப்ரவரியில் தொடங்கும். இங்கே அந்த மாதம் நகரசபை மைதானங்கள் உறைந்து, வாசலில் பூட்டுத் தொங்கும். அண்ணை ஒரு ஹொக்கிக் கழகத்தின் செயற்கைப் புல்தரையைக் கேட்டு வாங்கினார். வந்த அணியினர் முழங்கால் தோல் உரிந்ததென்று முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு இரவுத் தங்கல் தேவாலய மண்டபத்தில். சாப்பாடு அண்ணையின் மனைவி றெஜினா அக்காவின் கையால். அக்கா கறிக்குத் தூளை அள்ளிப் போட்டபோது, நாளைக்கு விளையாட வேண்டியவர்கள், உறைப்பைக் குறையுங்கோ என்றேன். "குறைக்கேலாது. இரண்டாம் பாதியிலை அவையள் ஓடக்கூடாது," என்றார். அந்தப் போட்டியில் வென்றோம். அண்ணை வாய்விட்டுச் சிரித்ததை நான் கடைசியாகக் கண்டது அன்றுதான்.

அடுத்தது இங்கிலாந்துப் பயணம். அணியில் பதினேழு பேர். பத்துப் பேரிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு. மற்ற ஏழு பேருக்கு விசா வேண்டும். ஏழு விண்ணப்பங்களையும் அண்ணையே தன் சமையலறை மேசையில் வைத்து நிரப்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அகதி விண்ணப்பத்துக்காக ஒவ்வொரு அலுவலகமாக உட்கார்ந்திருந்த நாட்களில் எங்கள் தலைமுறை கற்றுக்கொண்ட விதி ஒன்று உண்டு: கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அதுவும் பிடி கொடுக்காத பதிலாகச் சொல். ஒவ்வொரு அன்ட்ராக்கையும், அதாவது விண்ணப்பப் படிவத்தையும், நாங்கள் அப்படித்தான் நிரப்பினோம். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ரக்பிப் போட்டி என்று எழுதினால் நூறு கேள்வி வரும் என்று அண்ணை பயந்தார். ஆறு பேருக்கு லண்டனில் உறவினர் இருந்தார்கள். வெள்ளி இரவு அவர்கள் தங்கப்போவதும் அந்த வீடுகளில்தான். எனவே உறவினரைப் பார்க்க என்று எழுதினார். அது பொய்யல்ல. சென்னையிலிருந்து வந்த கார்த்திக்குக்கு லண்டனில் எவரும் இல்லை. அண்ணை தன் சொந்தத் தங்கையின் முகவரியை எழுதினார். "இண்டையிலையிருந்து அவ உனக்கு மாமி," என்றார். "ஓகே கோச், ஆன்ட்டிக்கு என்ன கிஃப்ட் வாங்கணும்?" என்று கார்த்திக் கேட்டார். நானும் அந்த மேசையில் இருந்தேன். நானும் சிரித்தேன். விசா ஏழும் கிடைத்தன.

இங்கிலாந்துக்குள் நுழைவதற்கான சோதனை கடலுக்கு இந்தப் பக்கம், பிரான்சின் கலேயிலேயே நடக்கும். எங்கள் பேருந்து அங்கே நின்றது. ஏழு பேரும் கழகத்தின் ஒரே நீல மேற்சட்டையுடன் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக, மாமியைப் பார்க்கப் போகிறேன், சித்தப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்றார்கள். பேருந்தின் அடியில் பந்துகளும் ஆணிச் சப்பாத்துகளும் இருந்தன. கார்த்திக்கிடம் மாமியின் பெயரைக் கேட்டார்கள். ஆன்ட்டி என்றார். அதிகாரி விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்கு அழைத்தார். அண்ணையின் தங்கை ஒளிக்கத் தெரியாதவர். ஓம், வருகிறார்கள், பதினேழு பேருக்கும் சமைத்து வைத்திருக்கிறேன், எல்லாரும் என் அண்ணையின் அணி என்று சந்தோஷமாகச் சொன்னார். ஏழு பேரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை எதுவும் இல்லை.

அண்ணையிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு இருந்தது, அவர் போயிருக்கலாம். தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மற்றப் பத்துப் பேரையும் போகச் சொன்னார். வராமல் விட்ட அணி என்று யாரும் சொல்லக்கூடாது, போய் மைதானத்தில் நில்லுங்கள் என்று அணித்தலைவன் யோனாஸிடம் ஜேர்மன் மொழியில் சொன்னார். அவர்கள் போய் நின்றார்கள். பத்துப் பேரை வைத்துப் போட்டியைத் தொடங்க நடுவரால் முடியவில்லை. செய்தி எழுதவென்று அணியுடன் போயிருந்த நான் அண்ணையுடனும் அந்த ஏழு பேருடனும் ரயிலில் திரும்பினேன். வழியில் கார்த்திக், "கோச், ஆன்ட்டி சமையல் மிஸ் ஆயிடுச்சு," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அண்ணை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். இடம் போய்விட்டது.

இந்தப் பத்திரிகையில் அதை நான்தான் எழுதினேன். ஆவணங்களில் ஏற்பட்ட குழப்பத்தால் ஏழு வீரர்கள் பயணம் செய்ய முடியவில்லை என்று எழுதினேன். பத்திரிகை வந்த அன்று காலையிலேயே அண்ணை அழைத்தார். "ஆவணத்திலை ஒரு குழப்பமும் இல்லை, தம்பி. எழுதினவனிலைதான் பிழை. பேரைப் போட்டு ஒரு திருத்தம் எழுதுங்கோ." அந்தப் பிள்ளைகள் பொய்க் கடதாசியுடன் போனவர்கள் என்று ஊர் கதைக்கிறது, அதைத் தன்னால் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது என்றார். பார்ப்போம் அண்ணை என்றேன். எழுதவில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று எண்ணினேன். அதே மேசையில் நானும் சிரித்துக்கொண்டு இருந்தேன் என்பதும் ஒரு காரணம்.

பிறகு அணி கரைந்தது. யோனாஸ் வேறு விளையாட்டுக்குப் போனார். மற்றவர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் போனார்கள். அண்ணை வியாழக்கிழமைகளில் மைதானத்துக்குப் போய், பயிற்சி நேரம் முடியும்வரை ஓரத்திலிருந்த வாங்கில் இருந்துவிட்டு வருவதாக அக்கா சொன்னார். இரண்டு மூன்று தடவை நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். திருத்தத்தைப் பற்றி அவர் மறுபடி கேட்கவேயில்லை. அது கேட்பதைவிடக் கடினமாக இருந்தது.

போன மாதம் மருத்துவமனையில் சேர்த்தபோது அவரால் பேனா பிடிக்க முடியவில்லை. அனுமதிப் படிவத்தை என்னிடம் தந்தார்கள். தொழில் என்ற இடத்தில், ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி என்று எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"உண்மைதான்," என்றார். "ஆனால் அரைவாசி."

ரக்பி லீக் பயிற்சியாளர் என்று பக்கத்தில் சேர்த்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நல்லடக்கத்துக்கு அந்த ஏழு பேரில் ஐவர் வந்திருந்தார்கள். கலேயில் போட்டிருந்த நீல மேற்சட்டையைக் கார்த்திக் பெட்டியின் மேல் விரித்தார். லண்டனிலிருந்து வந்த தங்கை அதைத் தடவிக்கொண்டே நின்றார். தன்னால்தான் எல்லாம் போனது என்று அவர் இன்னும் நம்புகிறார். அவரும் இதை வாசிக்க வேண்டும்.

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த 'அரைவாசி' என்ற சொல். நாற்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு அது போதும். ஆகவே, பிந்தியாவது, அவர் கேட்டது இதோ.

திருத்தம்: கலேயில் ஏழு வீரர்கள் திருப்பி அனுப்பப்பட்டதற்கு ஆவணக் குழப்பம் காரணம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. வீரர்கள்மீதும் லண்டனில் தொலைபேசியை எடுத்தவர்மீதும் பிழையில்லை. விண்ணப்பங்களை நிரப்பியவர் பயிற்சியாளர் அருளப்பு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் இதை எழுதுபவன்.