மதிலுக்கு வெளியே நீண்டிருந்த கூரை

எங்கள் பள்ளிவாசலின் தாழ்வாரத்தை இடிக்கச் சொன்னவன் நான்தான். கமிட்டியில் மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம் என்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

கோத்தகிரிக்குக் கடை வைக்க முதலில் வந்தவர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டு வண்டியில் சுண்ணாம்பும் ஓடும் ஏற்றி வந்து கட்டிய பள்ளி அது. மினாரா கிடையாது. கருங்கல் சுவர், குனிந்து நுழைகிற வாசல், உள்ளே நான்கு மரத்தூண்கள். வெள்ளிக்கிழமை நெருக்கியடித்துத்தான் தொழுவோம். தாழ்வாரமோ மதிலைத் தாண்டி ரோட்டுப் பக்கம் பத்தடி நீண்டிருக்கும்.

"உள்ள எடமில்ல, வெளிய எதுக்குங்க இத்தனை பெரிய கூரை? அந்தக் காலத்துல வண்டி நிறுத்தியிருப்பாங்க. இடிச்சுப்போட்டு ஹாலை முன்னால இழுங்க" என்றேன். நான் என்ன பெரிய இன்ஜினீயரா? இருந்தும் கேட்டார்கள். ரோட்டோரம் வரை ஹால் வந்தது, பளிங்குத் தரையோடு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பிளாஸ்டிக் தாளில் பொத்திக்கொண்டு ரோட்டில் நின்றாள். தொழுதுவிட்டு வருபவர்கள் ஓதி ஊதினால் பிள்ளைக்குச் சுகமாகும் என்று, எந்த மதத்துப் பெண்களும் அந்தி நேரத்தில் கூட்டமாக வந்து நிற்பது இங்கே வழக்கம். அவர்கள் எங்கே நின்றார்கள் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

"மத்தவங்கெல்லாம் எங்கம்மா?"

"மழைக்குத் திரும்பிப் போயிட்டாங்க பாய். என்னையத் தூக்கிட்டு வந்தப்பவும் எங்கம்மா அந்தக் கூரைக்குக் கீழதான் நிண்டாங்களாம்."

வண்டிக்கா கட்டினார்கள்? தாங்கள் நெருக்கியடித்துத் தொழுதுகொண்டு, உள்ளே வராதவர்களுக்காகக் கூரையை நீட்டியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

"உள்ள வாம்மா" என்றேன். அவள் பளிங்குத் தரையைப் பார்த்தாள். சேறு படிந்த தன் காலைப் பார்த்தாள்.

"இருக்கட்டுங்க பாய். இங்கயே ஊதுங்க."

மழையில் இறங்கி நின்று ஓதினேன். பிள்ளையின் நெற்றியில் துளி விழுந்தது. துடைத்தேன், மறுபடியும் விழுந்தது. ஊதி முடித்ததும் அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் அந்திக்குப் பெரிய குடை ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். யாரும் வரவில்லை. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கலாமென்றால், அவள் வீடு எனக்குத் தெரியாது. மழை விட்ட பிறகும் அவள் வரவில்லை.